அவிழ்க்காத நாடா

தலைநகரின் நடுவில் ஒரு தெரு இருக்கிறது. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும், அத்தனை நேர். அதற்கு இதுவரை மூன்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் ஒரு தளபதியின் பெயர், அப்புறம் ஒரு தலைவரின் பெயர், அந்தத் தலைவர் பிடிக்காமல் போனதும் ஏதோ ஒரு தேதி. ஒவ்வொரு முறையும் பலகை மாறியது, பந்தல் போட்டார்கள், ரிப்பன் வெட்டினார்கள். அங்கே வேலை பார்க்கிறவர்கள் மூன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அது நேர்த்தெரு.

நேர்த்தெருவின் வரலாற்றைப் பளபளக்கும் தாளில் தடித்த புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். எந்த அமைச்சகம் எந்த ஆண்டில் எழுந்தது, எந்தத் தூணை எந்தக் கல்லில் செதுக்கினார்கள், எந்த வெளிநாட்டு விருந்தாளி எந்தப் படியில் நின்று கையசைத்தார் என்று எல்லாம் அதில் உண்டு. பைக்காரம்மா அதில் இல்லை. ஒரு நாளைக்கு எட்டு நடை வீதம் அந்தத் தெருவைப் பத்தொன்பது வருடம் அளந்தவள் அவள். தூணுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியவர்கள் இவளுக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. ஆனால் எழுதியிருந்தால் உண்மையை எழுதியிருப்பார்களா என்றும் தெரியவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் வேலை எளிது. தெருவின் இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்பது அலுவலகங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கோப்புகளைக் கான்வாஸ் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். உரிய மேஜையில் கொடுத்துவிட்டு, கையெழுத்து நோட்டை நீட்டி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, வெயிலுக்கு ஒன்றும் கிடையாது. பை தூக்குகிறவர்களுக்கு எழுதாத சட்டம் இரண்டு. கொடுத்த கோப்பு சேரவேண்டிய இடத்தில் சேர வேண்டும். அதைக் கட்டியிருக்கும் நாடாவை அவிழ்க்கக் கூடாது. முதல் சட்டத்தை மீறினால் திட்டு விழும். இரண்டாவதை மீறினால் கூட வேலை பார்க்கிறவர்களே முகத்தில் விழிக்கமாட்டார்கள். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற அசிங்கம் அது. பைக்காரம்மாவுக்கு அந்த விஷயத்தில் பெருமையே உண்டு. "தலைப்பு வெளிய எழுதியிருக்கு, அது கண்ணுல படுது. உள்ள இருக்கறது எனக்கும் என் கண்ணுக்கும் சம்பந்தமில்ல" என்பாள்.

இந்தத் தெருவுக்கு ஒரு பசி உண்டு. அது பெருத்துக்கொண்டே போகும். அவள் கல்யாணமாகி வந்த வருடம் தெருவை முதல் தடவை அகலப்படுத்தினார்கள். இரண்டு ஓரமும் நின்ற மரங்கள் போயின. இரண்டாவது தடவை நடைபாதை போயிற்று. அதன்பிறகு மந்திரிகளின் கார்கள் அவள் முழங்கையை உரசிக்கொண்டு போயின. மூன்றாவது தடவை, தெற்கு முனையில் டீக்கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்துக்கொண்டு அங்கேயே குடியிருந்த பன்னிரண்டு குடும்பங்கள் போயின. ஒரு காலை லாரி வந்தது. பாத்திரம் பண்டத்தோடு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் இறக்கிவிட்டார்கள். டீக்கடைக்காரரின் அப்பாவுக்கு ஏற்கெனவே மூச்சுத் திணறல். லாரியிலேயே அவர் கதை முடிந்துவிட்டது. சாமான்களை இறக்கும்போதுதான் கவனித்திருக்கிறார்கள். பைக்காரம்மா அந்த லாரி கிளம்பியதைத் தோளில் பையோடு நின்று பார்த்தாள். அந்தக் கிழவர் நாற்காலியோடு மேலே ஏற்றப்பட்டதும், நாற்காலிக் கால் ஒன்று லாரியின் பக்கப் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததும் அவளுக்கு மறக்கவே இல்லை.

நான்காவது தடவை தெரு எந்தப் பக்கம் வாய் பிளக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொதுப்பணி அமைச்சகத்துக்குப் பின்னால் கடைநிலை ஊழியர் குடியிருப்பு இருந்தது. நாற்பது வீடுகள், எல்லாம் தரைத்தளம், ஒவ்வொன்றும் ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும். ஏழாம் எண் வீட்டில் பைக்காரம்மாவும் அவள் புருஷனும்.

புருஷன் நிதி அமைச்சகத்தில் லிப்ட் ஓட்டியவர். எல்லோருக்கும் லிப்ட்காரர். வாய் ஓயாத மனுஷன். அதிகாரிகளைக்கூடச் சிரிக்க வைத்துத்தான் இறக்கிவிடுவார். ஒருநாள் லிப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உள்ளே ஒரு பெரிய அதிகாரி வியர்த்து விறுவிறுத்துக் கத்தினார். கதவை நெம்பித் திறந்து, அவரைக் கைகொடுத்து மேலே தூக்கிவிட்டார் இவர். அதிகாரி சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தார். இவர் ஏறும்போது கால் வழுக்கிக் குழிக்குள் விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே செத்த உடம்பு. விசாரணை நடத்தி, விதியை மீறிக் கதவைத் திறந்தது ஊழியரின் குற்றம் என்று எழுதினார்கள். அப்புறம் கொஞ்சம் மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, கருணை அடிப்படையில் பெண்டாட்டிக்குப் பை தூக்கும் வேலையைக் கொடுத்து, வீட்டிலும் இருந்துகொள்ளச் சொன்னார்கள். அப்போது அவளுக்கு முப்பத்தொன்று.

பத்தொன்பது வருடமாக ஜன்னலோரக் கட்டில்தான் லிப்ட்காரரின் உலகம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் போட வேண்டும். போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். பைக்காரம்மா காலையிலும் மாலையிலும் பார்த்துக்கொள்வாள். பகல் பொழுதுக்கு எதிர்வீட்டுத் தையல்காரி. அவள் புருஷன் அமைச்சக டிரைவர், மூன்று பெண் பிள்ளைகள். வாசலில் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பவள், பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி என்று மிஷினை நிறுத்திவிட்டு வந்து லிப்ட்காரரைத் திருப்பிவிட்டுப் போவாள். யாரும் கேட்டுச் செய்ததில்லை. முதல் எட்டு வருடம் பைக்காரம்மாவே நடைக்கு நடுவில் ஓடிவந்து திருப்பிக்கொண்டிருந்தாள். ஒருநாள் இவள் வந்து ஒரு கை பிடித்தாள், அப்படியே பதினோரு வருடம் ஓடிவிட்டது. அவருக்கென்றே பஞ்சைத் தளர்வாக அடைத்து நான்கு தலையணைகள் தைத்துக் கொடுத்திருந்தாள். குதிகாலுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, முதுகுக்கு இரண்டு.

திருப்பிப் போடும்போதெல்லாம் லிப்ட்காரர் பழைய தொழிலை விடமாட்டார். தலைப்பக்கம் உயர்த்தினால், "மேல போறோம், கைய உள்ள வச்சுக்குங்க" என்பார். இறக்கினால், "தரைத்தளம், பாத்து இறங்குங்க" என்பார். தையல்காரி ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரிப்பாள்.

அந்த வருடம் அவருக்கு நெஞ்சில் சளி கட்ட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்த டாக்டர் அவளை வெளியே கூப்பிட்டு, நுரையீரல் கைவிட்டுவிட்டது, ஆறு மாதம், மிஞ்சினால் எட்டு என்றார். இனிமேல் இவரை அலைக்கழிக்காதீர்கள், ஒரு குலுக்கல் போதும் என்றும் சொன்னார். அவள் உள்ளே வந்தபோது லிப்ட்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தெரு முனை டீக்கடைக்காரரின் அப்பா கதை அவருக்கும் தெரியும்.

"என்ன லாரில மட்டும் ஏத்த விட்டுறாத. நான் போற அன்னைக்கு இந்தக் கட்டில்லேருந்துதான் போகணும்" என்றார்.

"ஏத்த விடமாட்டேன்" என்றாள் அவள். அதை அவள் வெறும் வாய்வார்த்தையாகச் சொல்லவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்துப் பொதுப்பணி அமைச்சகத்தின் அனுப்புகைப் பிரிவில் கண்காணிப்பாளர் அவளிடம் ஒரு கோப்பைக் கொடுத்தார். வீட்டுவசதித் துறைக்குப் போக வேண்டியது. சிவப்பு நாடா போட்டுக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டியிருந்தது. மேலே 'அவசரம்' என்று சீட்டு. அதற்குக் கீழே தலைப்பு: வீதி விரிவாக்கம், நான்காம் கட்டம் – கடைநிலை ஊழியர் குடியிருப்பு நாற்பது வீடுகளை அகற்றுதல்.

அவள் தலைப்பை இரண்டு தரம் படித்தாள். பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். படிகளில் கால் இறங்கியது, புத்தி இறங்கவில்லை. இந்தக் கோப்பு எதிர்ப்பக்கம் நாலாவது கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு மாதத்தில் லாரி வரும். லாரி வந்தால் நாற்காலி. அவருக்கு நாற்காலிகூட ஆகாது, கட்டிலோடு தூக்க வேண்டும்.

பை தூக்குகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். நேர்த்தெருவில் கோப்பு தொலையவே தொலையாது. தாமதமாகும், அவ்வளவுதான். தெருவின் கடைசிக் கட்டடத்தில் எடை அளவைத் துறை என்று ஒன்று உண்டு. யாரும் எட்டிப் பார்க்காத துறை. அதன் மூன்றாம் மாடியில் தபால் வாங்கும் குமாஸ்தா நீட்டிய நோட்டில் எல்லாம் கையெழுத்துப் போடுவார், என்ன வந்தது என்று தலை நிமிர்ந்து பார்க்கமாட்டார். அவர் மேஜைக்குப் பின்னால் இருக்கும் தகர அலமாரியில் 'நமக்குரியதல்ல' என்று ஒட்டியிருக்கும். தவறி வந்த கோப்புகள் அதில் விழும். வருடத்துக்கு இருமுறை இருப்புக் கணக்கெடுக்கும்போதுதான் யாராவது அதைத் திறப்பார்கள். பை தூக்குகிறவர்கள் அதைக் கிணறு என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் பைக்காரம்மா அசட்டையாக ஒரு கோப்பை அங்கே கொடுத்துவிட்டாள். அது ஐந்து மாதம் கிணற்றில் கிடந்தது. வாங்கிய திட்டுக்கு அப்புறம் பதினேழு வருடமாக அவள் கையிலிருந்து ஒரு தாள் இடம் மாறியதில்லை.

அன்று அவள் வீட்டுவசதித் துறை வாசலைத் தாண்டி நடந்தாள். இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் மனசு மாறியிருக்குமோ என்னவோ, அவள் நிற்கவில்லை. எடை அளவைத் துறையின் மூன்று மாடி ஏறி, அந்தத் துறைக்கு உரிய நான்கு கோப்புகளுக்கு நடுவில் அதைச் செருகி மேஜைமேல் வைத்தாள். நோட்டில் கோப்பு எண்ணை மட்டும் எழுதி நீட்டினாள். குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கையெழுத்துப் போட்டார்.

ஒன்றை மட்டும் அவள் செய்யவில்லை. அந்த நாடாவை அவிழ்க்கவில்லை. அவிழ்க்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. ஒரு சட்டத்தை உடைத்தவள் இன்னொரு சட்டத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினாள். மனுஷ புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது. பெரிய தப்பைச் செய்கிறபோது சின்ன ஒழுங்கு ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நான் அவ்வளவு மோசமில்லை என்று சொல்லிக்கொள்கிறது.

வாரம் போயிற்று, மாதம் போயிற்று, லாரி வரவில்லை. குடியிருப்பில் எல்லோருக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. நாலாம் கட்டம் கைவிடப்பட்டது என்று ஒரு வதந்தி, தேர்தல் வருகிறது அதனால்தான் என்று இன்னொரு வதந்தி. டிரைவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். தையல்காரி இரண்டாவது மிஷின் ஒன்று வாங்கி வாசலில் போட்டாள், பெரிய பெண்ணுக்குத் தைக்கச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். பைக்காரம்மா காதும் காதும் வைத்தாற்போல இருந்தாள். புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. நாற்பது வீட்டையும் நான்தான் தாங்கிப் பிடித்திருக்கிறேன் என்ற சந்தோஷம். கல்லால் கட்டின ஒன்பது கட்டடத்தையும் ஒரு கான்வாஸ் பை நிறுத்தி வைத்துவிட்டதே என்று அவள் தனியாக நடக்கும்போது நினைத்துச் சிரித்துக்கொண்டதும் உண்டு.

ஐந்தாவது மாதம் ஒரு பிற்பகலில் லிப்ட்காரர் போனார். இரண்டு மணிக்குத் திருப்பிப் போட வந்த தையல்காரி மூச்சு வேறு மாதிரி இருப்பதைக் கண்டு பெரிய பெண்ணை விரட்டினாள். அந்தப் பெண் நேர்த்தெருவில் ஓடி, பையோடு வந்துகொண்டிருந்த பைக்காரம்மாவைப் பாதி வழியில் பிடித்தாள். அவள் வந்து சேர்ந்தபோது அவருக்கு நினைவு இருந்தது. தலையணையை உயர்த்தப் போனவளின் கையைத் தடுத்து, "வேணாம், இங்கயே இறங்கிக்கறேன்" என்றார். மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. ஜன்னல் திறந்திருந்தது. வெளியே வழக்கம்போலக் கார்கள் போய்க்கொண்டிருந்தன.

குடியிருப்பே திரண்டு வந்தது. பத்தொன்பது வருடம் ஒரு புண்கூட வராமல் பார்த்துக்கொண்டாளே என்று பெண்கள் அவளைப் புகழ்ந்தார்கள். டிரைவரும் மற்ற ஆண்களும் அவரைக் கட்டிலோடு தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். பைக்காரம்மா அழுதாள். வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியும் அந்த அழுகையில் கலந்திருந்தது. அதுதான் அவளுக்குக் கிடைத்த கடைசி நிம்மதி.

அடுத்த மாதம் எடை அளவைத் துறையில் இருப்புக் கணக்கெடுத்தார்கள். கையெழுத்துப் போட்ட குமாஸ்தா அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். கோப்பு பொதுப்பணிக்குத் திரும்பி வந்தது. கண்காணிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல், ஓய்வு பெற்றவரைத் திட்டினார். பதினேழு வருடமாக ஒரு தாள் தவறவிடாத பைக்காரம்மாவை யாரும் சந்தேகப்படவே இல்லை. அவளிடமே கோப்பைக் கொடுத்து, இந்தத் தடவையாவது போய்ச் சேரட்டும், நீங்களே கையோடு கொடுத்து வாருங்கள் அம்மா என்றார்.

அவள் எடுத்துக்கொண்டு போனாள். இனி யார் வந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணத்தில் நிதானமாகவே நடந்தாள். மற்ற வீடுகளை நினைக்கும்போது மனசு கனத்தது. ஆனாலும் ஆறு மாதம் வாங்கிக் கொடுத்தோமே என்று தேற்றிக்கொண்டாள்.

வீட்டுவசதித் துறை குமாஸ்தா நடுத்தர வயசுக்காரர், நல்ல மனுஷர். அவள் எதிரிலேயே நாடாவை அவிழ்த்தார். இரண்டு தாள் புரட்டினார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"இத இப்பக் கொண்டு வந்து என்னம்மா பிரயோஜனம்? வீடெல்லாம் போன மாசமே குடுத்து முடிச்சாச்சு."

"எந்த வீடு சார்?"

"புதுக் குடியிருப்புல நாப்பது வீடு. இந்த ஆளுங்கள அகற்றணும்னா மொதல்ல மாத்து வீடு உறுதி பண்ணணும், நாப்பது ஒதுக்கி வைங்கன்னு எழுதியிருக்காங்க. கோப்பு வந்தாத்தானே எங்களுக்குத் தெரியும்? கட்டி முடிச்ச வீட்ட ஆறு மாசம் காலியா வச்சுப் பாத்தோம். யாரும் கேக்கல. வருஷக் கடைசியோட பட்டியல் மூடிட்டாங்க. நாப்பதும் வரித்துறைக்குப் போயிடுச்சு."

அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் இன்னும் படித்துக்கொண்டிருந்தார். "பாவம், யாரோ நல்ல அதிகாரி எழுதியிருக்கார் பாருங்க" என்று ஓர் இடத்தில் விரலை வைத்து, எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார். ஏழாம் எண் வீட்டில் படுக்கையில் இருக்கும் முன்னாள் லிப்ட் ஊழியருக்குத் தரைத்தளத்திலேயே வீடு ஒதுக்க வேண்டும். அவரை ஆம்புலன்சில் மட்டுமே இடம் மாற்ற வேண்டும். மருத்துவ உதவியாளர் ஒருவர் உடன் செல்ல வேண்டும்.

"இவர் இருக்காரா இன்னும்?" என்று கேட்டார் குமாஸ்தா.

"இல்ல சார்" என்றாள். கையெழுத்து நோட்டை நீட்ட மறந்துவிட்டாள். அவரே கேட்டு வாங்கிப் போட்டார்.

அன்று அவள் மிச்ச நான்கு நடையையும் நடந்தாள். அலுவலகம் மாறவில்லை, மேஜை மாறவில்லை. ஒரு நாடாவைத்தான் அவிழ்க்காமல் விட்டோம் என்பது ஒவ்வொரு படியிலும் இடித்தது. தலைப்பில் அகற்றுதல் என்று மட்டும் எழுதிய கை எந்தக் கையோ, அது நாசமாய்ப் போக என்று ஒரு தரம் சபித்தாள். அப்புறம் அந்தச் சாபம் தன் பக்கமே திரும்பியதுபோல இருந்தது, விட்டுவிட்டாள்.

மூன்று வாரத்தில் குடியிருப்புச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வீட்டுவசதித் துறையிடமிருந்து உரிய காலத்தில் பதில் வராததால் மாற்று வீடு தேவையில்லை என்று கருதப்படுகிறது, முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். இரண்டு நாள் கழித்து டிரைவர் வீட்டு வாசலில் கூடி மனு எழுதினார்கள். தாமதம் எங்கள் தவறு அல்ல, எங்கேயாவது நாற்பது வீடு கொடுங்கள் என்று எழுதி, எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். முப்பத்தெட்டாவது கையெழுத்துப் பைக்காரம்மாவுடையது. எழுதி முடித்ததும் தையல்காரி அதை மடித்து அவளிடம்தான் கொடுத்தாள்.

"நீங்க கொண்டு போங்கக்கா. உங்க கையில குடுத்தா எதுவும் வழி தவறாதுன்னு இந்தத் தெருவுக்கே தெரியும்."

அவள் கொண்டு போனாள். எல்லா மேஜையிலும் கையோடு கொடுத்தாள், யாரையும் ஒரு மணி நேரம்கூட வைத்திருக்க விடவில்லை. இந்தப் பத்தொன்பது வருடத்தில் எந்தக் கோப்பும் அத்தனை வேகமாகப் போனதில்லை. அதிகாரிகள் முன்னால் கைகட்டி நின்று பதில் கேட்டாள். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. காலம் கடந்த கோரிக்கை, ஏற்பதற்கில்லை. அதையும் அவள்தான் பையில் போட்டுக்கொண்டு வந்தாள், குடியிருப்புக்கு. டிரைவர் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, "நீங்க என்ன பண்ணுவீங்க பாவம், அலையா அலைஞ்சீங்க" என்றார்.

காலி செய்ய நான்கு நாள் இருந்தது. தையல்காரி குடும்பம்தான் முதலில் கிளம்பியது. புருஷனுடைய அண்ணன் வீட்டில் ஒரு அறை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம். ஐந்து பேருக்கு ஒரு அறை, மிஷினை வைக்க இடமில்லை. இரண்டாவது மிஷினைப் பாதி விலைக்குக் கொடுத்தாயிற்று. பெரிய பெண் பள்ளியிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், சின்னவர்கள் இருவரும் பள்ளியில் இன்னும் சொல்லவே இல்லை. டிரைவர் கைவண்டி பிடித்து வரப் போயிருந்தார். தையல்காரி வாசலில் துணி மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். பைக்காரம்மா எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

நாற்பது வீட்டிலும் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியவே தெரியாது. அவளுக்கு அதுவும் தோன்றியது. ஆனால் பதினோரு வருடம் தன் புருஷனைத் திருப்பிப் போட்டவள், மூட்டை கட்டிக்கொண்டே, கடைசியில் உங்க வீட்டு அண்ணனாவது நிம்மதியாப் போனாரே என்றாள். அந்த வார்த்தைதான் அவளைப் பேச வைத்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கோப்பு, தலைப்பு, கிணறு, கையெழுத்து, குமாஸ்தா படித்துக் காட்டிய நாற்பது வீடு. எதையும் குறைக்கவில்லை, எதற்கும் சமாதானம் சொல்லவில்லை. "அவரு லாரில சாகக் கூடாதுன்னு நெனச்சேன். உங்களுக்கும் சேத்து நல்லதுதான் செய்யறேன்னு நெனச்சேன்" என்று மட்டும் முடித்தாள்.

தையல்காரி கட்டிக்கொண்டிருந்த முடிச்சை முடித்தாள். இன்னொரு மூட்டையை இழுத்து வைத்துக்கொண்டாள். அதைக் கட்டவில்லை. அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பைக்காரம்மா எதிர்பார்த்திருந்தாள். அதற்குத் தயாராகவும் வந்திருந்தாள்.

"இத ஏன் எங்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டாள் தையல்காரி. "எல்லாம் போச்சு, உங்க ஒருத்தர் மேல இருந்த நம்பிக்கையோட போயிருப்பேன். அதையும் இப்ப எடுத்துக்கிட்டீங்க."

கைவண்டி வரும் சத்தம் கேட்டது. டிரைவர் ஒன்றும் தெரியாமல் வந்து சாமான்களை ஏற்ற ஆரம்பித்தார், அக்கா, எங்களை மறந்துடாதீங்க என்று சொல்லிக்கொண்டே ஏற்றினார். தையல்காரி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. எல்லாம் ஏற்றி முடிந்ததும் அவள் பைக்காரம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணனுக்குத் தெச்ச தலகாணி நாலையும் குடுத்துருங்க."

பைக்காரம்மா உள்ளே போனாள். கட்டிலில் அவை அவள் கடைசியாக அடுக்கி வைத்தபடியே இருந்தன. நான்கையும் எடுத்துக்கொண்டு வந்து இரண்டு கையாலும் நீட்டினாள். தையல்காரி ஒவ்வொன்றாக வாங்கி, ஒரு தரம் உதறி, மூட்டைகளுக்கு மேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினாள். வண்டி போயிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது நேர்த்தெரு நூற்றிருபது அடி அகலம். புத்தகத்தின் புதிய பதிப்பில் அந்த அகலத்தைப் பற்றி இரண்டு பக்கம் சேர்த்திருக்கிறார்கள். ஏழாம் எண் வீடு இருந்த இடத்தில் கார்கள் போகின்றன. பைக்காரம்மாவுக்கு இன்னும் சில வருடம் வேலை பாக்கி. ஊருக்கு வெளியே வாடகைக்கு இருந்துகொண்டு, பஸ்ஸில் வந்து பை தூக்குகிறாள். கோப்பைக் கையில் வாங்கும்போது அதைக் கவிழ்த்துத் தலைப்பைக் கீழ்ப்பக்கமாக வைத்துத்தான் பைக்குள் போடுகிறாள். எங்கே போக வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறாள்.